உப்பங்கழிக் காவல்

காலை ஆறு இருபது. ஜீப்பிலிருந்து இறங்கிய விருந்தாளி ஒருவர் கைக்கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து நேரத்தைச் சொன்னார். பனி விலகவில்லை. முதலில் எனக்குத் தெரிந்தவை ஜீப்பின் கூரையில் கட்டியிருந்த மடக்கு நாற்காலிகள். அவற்றை அவிழ்த்து இறக்கிய பிறகுதான் துப்பாக்கிகள் வெளியே வந்தன.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடப்பாக்கம் போகும் வழியில், கடலிலிருந்து உள்ளே பிரிந்து வரும் உப்பங்கழியின் ஒரு கிளை அது. கல்பாக்கத்தில் மின்நிலையம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள். கழியைச் சுற்றியிருந்த சவுக்குத் தோப்பைப் பட்டணத்து முதலாளி ஒருவர் வாங்கியிருந்தார். தண்ணீர் யாருடையது என்று பத்திரத்தில் இருந்ததா என எனக்குத் தெரியாது. மூன்று பக்கமும் முள்கம்பி போட்டதும் அதுவும் அவருடையதாகிவிட்டது. மார்கழியிலிருந்து மாசி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வந்து வாத்து சுடுவார். மற்ற நாட்களில் யாரும் உள்ளே வரக்கூடாது. மனிதர்கள் நடமாடினால் வாத்துகள் வேறு தண்ணீர் பார்த்துப் போய்விடும்.

யாரும் வராமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அப்பாவுக்கு இளைப்பு நோய். கடலுக்குப் போக முடியாது, மின்நிலையத்தில் மண் சுமக்கவும் முடியாது. தோப்பின் ஓரத்தில் முதலாளி போட்டுக்கொடுத்த ஓலைக் குடிசையில் அப்பா, அம்மா, நான், கணவன் விட்டுப்போன அத்தை நால்வரும் இருந்தோம். எங்களுக்கு முன் காவலிருந்தவரின் மைத்துனன் வீச்சுவலையோடு உள்ளே பிடிபட்டான். அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுப் பானை சட்டிகள் ரோட்டோரம் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் அவருடைய மனைவி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். காவலுக்கு இருக்கும் ஆளுடைய சொந்தக்காரர் உள்ளே நுழைந்தால் அவ்வளவுதான் என்பது எனக்கே தெரியும்.

அத்தை இறால் தடவுகிறவள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்தளவு அமிழும்படி தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருப்பாள். கையில் அகப்படும் இறாலை மேலே தூக்கி அதில் போடுவாள். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும் தெரியும். எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவளும் அவள்தான்.

"பறியக் கவ்வினாத்தான் இவ வாயி சும்மா கீது" என்பாள் அம்மா.

"அண்ணிக்கு ஒரு பறி வாங்கிக் குடுண்ணா, வூட்டுல வச்சிக் கவ்விக்கட்டும்" என்பாள் அத்தை.

அந்த இறாலை விற்றுத்தான் எங்கள் வீட்டில் அரிசி வந்தது. முதலாளி அப்பாவுக்குக் கொடுத்தது அப்பாவின் மருந்துக்கும் பீடிக்கும் சரியாக இருந்தது. இளைப்பு நோய்க்காரருக்கு பீடி எதற்கு என்று அம்மா கேட்பதுண்டு. வார நாட்களில் அத்தை கழியில் இறங்கும்போது அப்பா தோப்பின் மறுபக்கம் போய்க் கம்பிவேலியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு ஒன்றே ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை இறங்கக்கூடாது.

அந்த வாரம் பெருமழைக்குப் பின் முகத்துவாரம் திறந்துகொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வந்தது, அதோடு இறாலும் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் இருவருக்கும் வாக்குவாதம்.

"நாளைக்கி மட்டும் வாணாம். சொன்னா கேளு" என்றார் அப்பா.

"எறாலு உன் மொதலாளிய கேட்டுகினா வருது? இன்னிக்கி வுட்டா போச்சு, அடுத்த வருசந்தான்."

"துப்பாக்கி எடுத்துகினு வர்றாங்க. வெளாட்டா கீதா உனக்கு?"

"அவங்க எப்பவும் தெக்கால தட்டியாண்ட தான குந்துவாங்க? நான் வடக்கால கோரைக்குள்ள இருந்துட்டு வெளிச்சம் வர்றதுக்குள்ள ஏறிடுவேன். வேலி வாத்துக்கு இல்ல, எனக்கு மட்டும் எதுக்கு?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு இருமல் வந்துவிட்டது. அதோடு பேச்சு முடிந்துவிட்டதாக நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை வெளிச்சம் வருவதற்கு முன் அப்பா கழியைச் சுற்றி வந்தார். சுடும் நாளில் சத்தம் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. வாத்துகள் எழுந்துவிட்டால் பட்டணத்திலிருந்து வந்த பெட்ரோல் வீண். ஆகவே அப்பா ஒவ்வொரு கோரைத் திட்டுக்கு முன்னாலும் நின்று, ரகசியம் சொல்வதுபோல, "யாராச்சும் கீறீங்களா? வெளிய வந்துடுங்க" என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கிருந்தும் பதில் வரவில்லை.

முதலாளி இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தண்ணியில யாரும் இல்லையேப்பா?"

"யாரும் இல்லீங்க மொதலாளி. இப்பத்தான் சுத்திட்டு வர்றேன்."

முதலாளி காற்றைப் பார்த்தார். ஒரு சிட்டிகை மணலை எடுத்து உதிர்த்தார். "இன்னிக்கு வடக்குப் பக்கம் உக்காரலாம்" என்றார்.

சுடுகிறவர்கள் மறைந்து உட்காரத் தெற்குப் பக்கம் நட்டிருந்த ஓலைத் தட்டியை அப்பா பிடுங்கிவந்து வடக்கே நட்டார். நாற்காலிகளை விரித்துப் போட்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். சுட்ட பிறகு தெறித்து விழும் சிவப்புத் தோட்டாக் கூடுகள் எனக்கு. அவற்றை உதட்டில் வைத்து ஊதினால் விசில் வரும். ஊரில் வேறெந்தப் பிள்ளையிடமும் அவை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவதற்கு அது ஒன்றே காரணம்.

கோரைக்கு அப்பால் கிளுவை வாத்துக் கூட்டம் கறுப்பாக மிதந்தது. ஒருவர் கைதட்டினார். கூட்டம் தண்ணீரை உரசிக்கொண்டு எழுந்தது. மூன்று துப்பாக்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. சில பறவைகள் கோரைமேல் விழுந்தன. விழுந்ததை எடுத்துவர அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார்.

கோரைக்குள் போன அப்பா குனிந்தார். குனிந்தபடியே இருந்தார்.

"என்னய்யா, தூங்கிட்டியா?" என்று முதலாளி கேட்டார்.

அப்பாவின் தலை மேலே வந்தது. "அடிபட்டது ஒண்ணு உள்ள பூந்துகிச்சுங்க. தேடிகினு கீறேன்."

"கிடைச்சதை எடுத்துட்டு வா. ரெண்டாவது ரவுண்டு இருக்கு."

அப்பா கையில் இரண்டு கிளுவைகளோடு கரையேறினார். தலையில் துண்டு இல்லை.

"துண்டு எங்கப்பா?" என்றார் கடிகாரக்காரர்.

"தண்ணியில போயிடுச்சுங்க."

"வாத்து கட்டிக்கிட்டுப் போயிருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.

பிறகு அப்பா தானாக ஒரு யோசனை சொன்னார். அவர் முதலாளியிடம் தானாகப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "மொதலாளி, கூட்டம் பூரா தெக்கால எறங்கிகினு கீது. அங்க போனா நெறைய கெடைக்கும். இங்க இனிமே வராது." சொல்லிக்கொண்டே நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார். முதலாளி கொஞ்சம் தயங்கினார். அதற்குள் அப்பா தட்டியையும் பிடுங்கித் தோளில் போட்டிருந்தார். இளைப்பில் அவர் மூச்சு விசிலடித்தது.

தெற்கே உண்மையிலேயே நிறையக் கிடைத்தது. முதலாளி என் தலையில் கைவைத்து, "உங்கப்பன் கெட்டிக்காரன். வாத்து எங்க இருக்குன்னு மோப்பம் பிடிச்சே சொல்றான்" என்றார். அப்பாவை ஒருவர் பாராட்டி நான் கேட்டது அன்றுதான். மடி நிறையத் தோட்டாக் கூடுகள். விருந்தாளிகள் தோப்பு நிழலில் சாப்பிட்டு, சீட்டாடி, வெயில் சாயத் தொடங்கியபோது ஜீப் கிளம்பியது. அது எனக்கு நல்ல நாள்.

கோரைக்குள் அப்பா பார்த்தது என்ன என்பதை அம்மா எனக்குச் சொன்னது, அப்பாவும் அத்தையும் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு. அத்தை தான் சொன்ன நேரத்துக்கு ஏறவில்லை. இறால் அவ்வளவு இருந்தது. கோரைக்கு முன்னால் நின்று அண்ணன் மெதுவாகக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது. வாயில் பறி. திறந்தால் காலையிலிருந்து பிடித்தது அத்தனையும் தண்ணீரில் போகும். அவர்கள் தெற்கே போகட்டும், ஏறிவிடலாம் என்று இருந்திருக்கிறாள். பிறகு அவளுக்கு மிக அருகே தட்டி நடும் சத்தம் கேட்டது. அதன் பின் அசைய வழியில்லை. தாழ எழுந்த பறவைகளுக்கு வைத்த குறியில் ரவைகள் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் வலது கண்ணிலும் பட்டன. அப்பா கோரையை விலக்கியபோது முகமெல்லாம் ரத்தம், பறி பல்லில் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. அப்பா வாயைத் திறந்ததும், கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா துண்டை அவிழ்த்து அவள் முகத்தில் சுற்றினார். ஜீப் போகும் வரை அவள் அந்த உப்புத் தண்ணீரிலேயே இருந்தாள்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. குண்டுக் காயம் என்றால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் முதலாளிக்குத் தெரியும். முள் குத்திவிட்டது என்று சொல்லிப் பக்கத்து ஊர் கம்பவுண்டர் ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அலுமினியத் தட்டில் போட்டார்.

"இது இன்னாமா முள்ளு? உருண்டையா கீது?"

"கழியில கெடந்த முள்ளுங்க" என்றாளாம் அம்மா.

கம்பவுண்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கண்ணுக்குள் போனதை அவரால் எடுக்க முடியவில்லை. அது அத்தையோடு சுடுகாடு வரை போனது.

இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான் திரும்பியபோது அத்தை மூலையில் முகத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கண் நோய், கிட்டே போகாதே, ஒட்டிக்கொள்ளும் என்றாள் அம்மா. இரவு இறால் குழம்பு. நான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த சில நாட்கள் அத்தை பேசவில்லை. பிறகு கொஞ்சம் பேசினாள். நான் குடிசையின் மறுகோடியில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கினேன். அவள் குடித்த தம்ளரைத் தொடமாட்டேன்.

"இன்னாடி, என்னப் பாத்தா பேய் மாரி கீதா? கிட்ட வாயேன்."

"ஒட்டிக்கும் அத்த."

அத்தை சிரித்தாள். சிரித்தால் கன்னத்தில் வலித்திருக்க வேண்டும், உடனே நிறுத்திக்கொண்டாள். "ஆமா, ஒட்டிக்கும். தூரமாவே குந்து."

அடுத்த ஞாயிறும் ஜீப் வந்தது. அன்று முதலாளி தண்ணீர் கேட்டுக் குடிசை வாசல் வரை வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, "யாரு அது?" என்றார்.

"தங்கச்சிங்க" என்றார் அப்பா. "கண்ணு நோவு. ஊரு பூரா கீது."

முதலாளி இரண்டடி பின்னால் போனார். பிறகு இரக்கப்பட்டு, நல்ல குரலில் பேசினார். "கசக்க விடாதே. இளநி வச்சுக் கழுவு. பாப்பாவைக் கிட்ட விடாதே, சின்னப் புள்ளைக்கு உடனே தொத்திக்கும்." நான் உடனே வாசலை விட்டு வெளியே வந்தேன். இவ்வளவு பெரிய மனிதர் என் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அத்தையின் முதுகு மட்டும் தெரிந்தது. அது ஏன் அப்படி ஆடியது என்று அப்போது புரியவில்லை. குளிர் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி பட்டணத்திலிருந்து மறக்காமல் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.