சாம்பலில் பதிந்த இடது கால்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால், உத்தமபாளையத்துச் சிலம்பப் போட்டியில் நான் விழுந்ததைப் பற்றி எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியே பேசித் தீர்த்தது. சண்டைப் போட்டி இல்லை அது. ஒவ்வொருவராக வந்து கம்பு சுற்றிக் காட்ட வேண்டும். அழகுக்கும் சுத்தத்துக்கும் மார்க்கு. கம்பு சுழலச் சுழல எம்பி, அந்தரத்தில் ஒரு முழுச் சுற்றுத் திரும்பி இறங்குவதுதான் என் கடைசி வித்தை. எம்பினேன், திரும்பினேன். இறங்கியது நடுவர் மடியில். அவர் நாற்காலியோடு மல்லாந்தார்.

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். என் மனைவி பெண்கள் கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். மாட்டுவண்டியில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, சுத்தையில எதுக்குக் கண்ண மூடிக்கிறீக?"

"யாரு மூடுனா?"

"நீங்கதேன்."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நெற்களத்துக்குப் போய்த் தனியாக எம்பிப் பார்த்தேன். மூடத்தான் செய்தேன். வெட்கத்தை விட்டு அவளையே கூப்பிட்டேன்.

களத்து ஓரத்துத் தென்னையைக் காட்டினாள். "அதையே பாத்துக்கிட்டுச் சுத்துங்க. ஒடம்பு திரும்புனப்பறம் தல வெடுக்குன்னு திரும்பி, மறுபடி அந்த மரத்துக்கே வந்துறணும். கும்மியில சுத்தையில நாங்க அப்பிடித்தேன். தல கிறுகிறுக்காது."

கிறுகிறுக்கவில்லை! ஆனாலும் இறங்கும்போது சாய்ந்தேன். மறுநாள் அவள் முறம் நிறைய அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து களத்தில் பரப்பினாள். குதித்தேன். வலது கால் அச்சாகப் பதிந்திருந்தது. இடது கால் மூன்று சாண் நீளத்துக்குக் கோடு இழுத்திருந்தது.

"இந்தக் காலு பெறகால வருது மாமா," என்றாள், குனிந்து சாணால் அளந்தபடியே. அன்றிலிருந்து தினமும் அளந்தாள். கோடு இரண்டு சாணானபோது கைதட்டினாள். ஒரு சாணானபோது சாம்பல் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினாள். ஊருக்குள் கறுப்புக் கன்னத்தோடு நடந்தேன். துடைக்க மனம் வரவில்லை.

கடைசியில் கோடே இல்லாமல் இடது காலும் அச்சாகப் பதிந்தது. அத்தோடு விட்டாளா? "இங்கன நீங்க ஓய்வா குதிக்கிறீக. அங்கன மூச்சு வாங்கையில குதிச்சீக." ஆகவே வாய்க்கால்வரை ஓடிவந்து, கம்பு முழுதும் சுற்றி, கடைசியில்தான் குதிக்க வேண்டும். அதுவும் பழகியபின், நடவு முடிந்து வந்த பெண்களைக் களத்தில் உட்காரவைத்துச் சிரிக்கச் சொன்னாள். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அந்தரத்திலேயே சிரிப்பு வந்து, பிட்டம் தரையில் பட இறங்கினேன். பத்தாம் நாள் அவர்கள் வாய் வலிக்கச் சிரித்தும் நேராக இறங்கினேன்.

மறுவருடம் அதே மைதானம். கொட்டு ஏறியது. எம்பினேன். கண் திறந்திருந்ததால் வானம், கொட்டுக்காரர், பந்தல், அவள் முகம் என்று ஒரே சுற்றில் உலகமே என்னைக் கடந்து போனது. இரண்டு காலும் சேர்ந்து தரையில் நின்றன. நம்ப முடியவில்லை. சரிபார்க்க இன்னொரு தரம் குதித்தேன். அதுவும் நின்றது. மூன்றாவது, சந்தோஷம் தாங்காமல்.

நேரம் கடந்ததற்கு மார்க்கைக் குறைத்தார்கள். முதல் பரிசு சின்னமனூர்க்காரருக்குப் போனது, எனக்கு இரண்டாவது.

"மூணு தரம் குதிக்கச் சொன்னது யாருப்பா?" என்று நடுவர் கேட்டார்.

"நாந்தேன் அய்யா! அவுகளுக்கு எண்ணத் தெரியல!" என்று பெண்கள் கூட்டத்திலிருந்து எனக்குப் பழகிய ஒரு குரல் பொய் சொன்னது. மைதானமே சிரித்தது.

திரும்பும் வழியில், வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கம்பைப் பிடுங்கினாள். "எனக்கும் சொல்லிக் குடுங்க."

எம்பினாள். முக்கால் சுற்றுதான் திரும்பினாள். மிச்சக் கால் சுற்றோடு வாய்க்காலுக்குள் போனாள். பிடிக்கப் போன நானும் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடு இரண்டும் மிரண்டு, வண்டியோடு ஊரைப் பார்த்து ஓடிவிட்டன.