கூடை இல்லாமல் வந்த ஆள்

காசிமேட்டு மீன் ஏலத்தில் பச்சையம்மாவை ஏமாற்ற இனிமேல் ஒருத்தர் பிறந்துதான் வரவேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒருமுறை ஏமாந்தார். இரண்டு பேர் மாறிமாறிக் கேட்டு வஞ்சிரத்தின் விலையை ஏற்றிவிட, இவரும் ரோஷத்தில் மேலே கேட்டு வாங்கிவிட்டார். பிறகு பார்த்தால், அந்த இரண்டு பேரிடமும் மீனை அள்ளிப்போக ஒரு கூடைகூட இல்லை. அன்றிலிருந்து ஏலத்தில் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. காலடியில் கூடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

மெட்ரோ வந்தபின் கல்மண்டபத்தில் அவருடைய நானூறு சதுர அடி வீட்டுக்கும் விலை வந்தது. அறுபது லட்சம்! முழங்கால் போய் விசைப்படகிலிருந்து கரையேறிவிட்ட கணவர் திருமலைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இந்த வெலையெல்லாம் சோப்பு நுரையாம்மே, எப்ப வேணா ஒடைஞ்சிடுமாம். இப்பவே தள்ளிவுட்டு மீஞ்சூராண்ட பெருசா வாங்கிக்கலாம்."

"மீஞ்சூர்லேர்ந்து ஏலத்துக்கு நீச்சலட்ச்சிகினா வர்றது?"

வாய்தான் அப்படிச் சொன்னது. விலை நாளைக்கே சரிந்தால் புருஷன் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவாரே என்று அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அர்ஜுன் என்பவர் வீடு பார்க்க வந்தார். சுவரைத் தட்டினார், போனில் அளந்தார், இன்னும் ஐந்து லட்சம் ஏற்றினார்.

"குடி வர்றது எத்தினி பேரு நைனா?" என்றார் பச்சையம்மா.

"யாரும் வரலம்மா. பூட்டிப் போட்டு ரெண்டு வருஷத்துல வித்துடுவேன்."

பச்சையம்மாவின் கண் தானாக அவர் காலடிக்குப் போனது. அங்கே கூடை இல்லை. அதோடு அந்தப் பயமும் போயேபோய்விட்டது.

"வூடு விக்கிறதுக்கில்ல" என்று அனுப்பிவிட்டார்.

திருமலை தலையில் கைவைத்தார். "அப்போ நுரைதானே? ஒடைஞ்சா இன்னா பண்ணுவே?"

"இவரு ஏத்துனது நுரைய்யா. எதிர்வூட்டு ஜீனத் மூணு மாசமா பொண்ணுக்கு வாடகைக்கு வூடு தேடிகினு கீதே, அது கூடையோட நிக்கிது. இந்தாண்ட கடலு, அந்தாண்ட ரயிலு, நடுவுல ஹார்பரு. புதுசா வூடு எங்கேர்ந்து மொளைக்கும்? நுரை ஒடைஞ்சா ஒடையட்டும். நான் இன்னா விக்கவா கட்னேன்?"

ஒவ்வொரு செங்கல்லும் அவர் தலைச்சுமையாக மீன் விற்ற காசில் வந்தது. அந்தக் கர்வத்தை அவர் ஒளிக்கவும் இல்லை.

மறுநாள் விடியலில் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பத்தே நிமிஷ நடையில் ஏலத்தில் முதல் ஆளாக நின்றார்.