பாய்ப்படகுப் பந்தயத்தில் கோடு பார்த்தவள்

கல்யாணமாகி நான் நெய்வேலிக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு ஊருக்கு வெளியே நடந்து பழகிய எனக்கு, குவார்ட்டர்ஸ் குழாயைத் திறந்தபோதெல்லாம் தண்ணீர் கொட்டியது பெரிய அதிசயம். பூமிக்கடியில் ஊறும் தண்ணீரை இராப்பகலாக இறைத்து வெளியே விட்டால்தான் கரி வெட்ட முடியும் என்று என் கணவர் சொன்னார். அவர் மைன்ஸில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் முடிந்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார், மறுபடி கிளம்புவார். எனக்குத் தண்ணீர் இருந்தது, பேச ஆள் இல்லை. "அவுக டூட்டிக்குப் போயிருக்காக" என்று நான் எங்கள் ஊர்ப்பேச்சில் சொன்னதைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண்கள் ஒருநாள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு நான் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் பிளாக்கின் கடைசியில், வாய்க்கால் தண்ணீர் வந்து தேங்கும் அகலமான குட்டை ஒன்று இருந்தது. முழங்கால் ஆழம்தான். அடுத்த வீட்டில் இருந்த டிராஃப்ட்ஸ்மேன் கோயம்புத்தூர்க்காரர். பாய் வைத்த சின்னப் படகுகளை வைத்துப் பந்தயம் நடத்துவதைப் பற்றி எதிலோ படித்துவிட்டு, பிளாக்கில் பாதி ஆண்களை அந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டார். ஆளாளுக்கு மரம் செதுக்கினார்கள். என் கணவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாம்பாரில் மரத்தூள் விழுந்தது. பழைய குடைத் துணியை அவர் வெட்டிக் கொடுக்க, நான் பாய் தைத்தேன். மந்தாரக்குப்பத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் ஒரு வெல்டரும் சேர்ந்துகொண்டார். அவருடையது கல்யாண முருங்கை மரத்தில் செய்தது, தக்கை போல மிதக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் சண்டையில் முடிந்தது. தகராறு முழுக்கப் புறப்படும் இடத்தில்தான். ஒருவர் படகைத் தள்ளிவிட்டார், இன்னொருவர் விசிலுக்கு முன்பே விட்டுவிட்டார், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் டிராஃப்ட்ஸ்மேன் விதிமுறைகளோடு வந்தார். குட்டையின் இரண்டு கரையிலும் ஒவ்வொரு சவுக்குக் கழி நட்டார். நடுவில் கயிறு கட்டினால் படகு சிக்கும் என்பதால் கயிறு கிடையாது. ஒரு கழிக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எதிர்க்கரைக் கழி அதற்குள் மறையும். அந்த நேர்ப்பார்வைதான் கோடு. படகுக்காரர்கள் தண்ணீரில் இறங்கி, படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். விசில் கேட்டதும் கையை எடுக்கலாம், தள்ளக் கூடாது. விசிலுக்கு முன் படகின் மூக்கு நுனி தாண்டினாலும் போதும், அந்தப் படகு திரும்பி வந்து, முழுசாகக் கோட்டுக்குப் பின்னால் போய், மறுபடி புறப்பட வேண்டும். மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

"விசில் நான் ஊதறேனுங்க. கோடு யாருங்க பாக்கறது?" என்று அவர் கேட்டார்.

யார் பெயரைச் சொன்னாலும் யாராவது ஒருவர் மறுத்தார்கள். கடைசியில் அவர் கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்ற என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி பாக்கட்டுமே?"

"அவங்க வூட்டுக்காரரும்தான் படகு வுடறாரு" என்றார் வெல்டர்.

"இந்தப் பொண்ணு பேசறதே இல்லீங்க. அப்புறம் எங்க பொய் பேசறது?" என்றார் டிராஃப்ட்ஸ்மேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கழிக்குப் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் வெல்டரின் படகு தாண்டிவிட்டது. சந்தேகமே இல்லை, நாலு விரற்கடை. "தாண்டிருச்சு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். டிராஃப்ட்ஸ்மேன் இன்னொரு விசில் ஊதி அவரைத் திரும்பச் சொன்னார்.

"இன்னாமா இது? இத்தினி பேர்ல என்னுது மட்டுந்தான் உங்க கண்ணுல பட்டுதா? கான்ட்ராக்ட் ஆளுன்னா திரும்பணும், பர்மனென்ட்னா போய்கினே இருக்கலாமா?"

நான் கழியைப் பிடித்துக்கொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து புறப்பட்டு, கடைசியாகக் கரை சேர்ந்தார். லுங்கியைப் பிழிந்தபடி என் பக்கம் பார்க்காமல் நின்றார்.

இரண்டாவது ஓட்டம். நல்ல காற்று. எல்லாப் பாய்களும் படபடத்தன. விசில் ஊதுவதற்கு ஒரு மூச்சு நேரம் முன்னால், குடைத்துணிப் பாய் ஒன்று உப்பி, படகு கை நழுவி முன்னே போனது. மூக்கு கோட்டைத் தாண்டி நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் விசில் கேட்டது.

அது என் கணவரின் படகு. இத்தனை நாள் அவர் தேய்த்ததெல்லாம் எனக்கு நினைவில் வந்தது. வேறு யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. ஆனால் வெல்டர் சொன்ன வார்த்தை இன்னும் காதிலேயே இருந்தது.

"தாண்டிருச்சு! குடைத்துணி தாண்டிருச்சு! திரும்பி வாங்க!" என்று கத்தினேன். அந்த ஊரில் நான் சத்தம் போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

எல்லோரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் தண்ணீரில் நாலு எட்டு வைத்துப் போய்ப் படகைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். "இது போதுமா?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால."

"இப்போ?"

"ம். விடுங்க."

கரையில் பலத்த சிரிப்பு. எதிர்வீட்டுப் பெண்கள் கைதட்டினார்கள். அவர் படகு கடைசியில் வந்தது.

மூன்றாவது ஓட்டத்துக்கு நிற்கும்போது வெல்டர் தன் படகை ஒரு முழம் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கமா, நல்லா பாத்துக்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அவ்வளவு பின்னாலிருந்து புறப்பட்டும் அவர்தான் ஜெயித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் பயந்துகொண்டே வந்தேன். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று சொல்வாரோ என்று நினைத்தேன். பால் பூத் தாண்டியதும் அவர் படகை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அடுத்த வாரம் இன்னும் சத்தமாக் கத்து. கடைசில நின்னவருக்குக் கேக்கல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்லலாம். சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு வெல்டர் தன் மனைவியையும் அழைத்து வந்தார். அந்த அம்மா நேராக என்னிடம் வந்து, மடியில் கட்டியிருந்த பலாச்சுளைகளை எடுத்துக் கொடுத்தார். முத்தாண்டிக்குப்பத்தில் அவருடைய அம்மா வீட்டு மரத்துப் பழமாம். "உங்களப் பத்தியேதான் வூட்ல சொல்லிகினு இருந்தாரு. சொந்தப் புருசனையே திருப்பி அனுப்பிச்சுதாமே அந்தப் பொண்ணு, நானும் போய்ப் பாக்கறேன்னு வந்தேன்."

"அவுக கோவிச்சுக்கல" என்றேன். வாய் தவறி ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க தாண்டுதுன்னு எனக்கும் காட்டு" என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

காற்று சரியாக இருந்த வருஷங்களில் எல்லாம் அந்தப் பந்தயம் நடந்தது. நான்தான் கோடு பார்த்தேன். என் பெண் பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் உடனே வர முடியவில்லை. மந்தாரக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவர் அந்த அம்மாதான். குழந்தைக்கு முதல் தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவருடைய கைதான்.