முலுண்டில் ஏறி வி.டி.யில் இறங்கும் சாம்பார்

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் எதைச் சிந்தினாலும் மன்னிப்பு உண்டு, "இல்லை" என்ற சொல்லைத் தவிர. மங்கள காரியத்தில் அது ஆகாது. பெண்ணைப் பெற்றவர் காதில் விழுந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். திடீரென்று விருந்தாளிகள் வந்து நிற்க, அடுக்களையிலிருந்து கண்ஜாடை காட்டித் தவித்திருப்பீர்களே, என் பிழைப்பே அதுதான்.

எங்கள் டைம்டேபிள்

தாராவியில் இருக்கிறது எங்கள் கேட்டரிங். சமையல் மாஸ்டர் திருநெல்வேலிக்காரரான சுடலை அண்ணாச்சி. பரிமாறும் ஆட்களுக்கு நான் சூப்பர்வைசர். சாம்பார் குறைவதை ரகசியமாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். தமிழில் சொன்னால் பந்திக்குப் புரியும், இந்தியில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். அதனால் மும்பை லோக்கல் ரயிலின் ஸ்டேஷன் பெயர்களைப் பிடித்தோம். அண்டா நிறைய இருந்தால் முலுண்ட். பாதி என்றால் குர்லா. கரண்டி அடியில் தட்டினால் மாட்டுங்கா. காலி என்றால் கடைசி ஸ்டேஷன் வி.டி. மெதுவாகப் பரிமாற வேண்டுமா, 'சிக்னல் போடு'.

முதல் நாளே ரசத்தில் உப்பு கரித்தது. வெளியே இலை போட்டாயிற்று. அண்ணாச்சி ஒரு வாய் குடித்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவதுபோல நிறுத்திவிட்டார்.

"ரசம் மெகா பிளாக்ல கிடக்கு, ஒருத்தனும் தொடாதீயலே!"

சீசன் பாஸ்

அழைக்காமலே எல்லாக் கல்யாணத்திலும் சாப்பிடுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் இது. தாராவி லேபர் கேம்ப் பகுதிக் கல்யாணம் ஒன்றில் பாயசம் குர்லாவைத் தாண்டிய நேரம், அப்படி ஒருவர் மறுபடி மறுபடி கப்பை நீட்டினார். மாப்பிள்ளையின் அண்ணன்கள் அவரை முறைக்கத் தொடங்கி, ஒருவன் சட்டைக் கையையும் மடித்துவிட்டான். கைகலப்பு வந்தால் பந்தியே கலைந்துவிடும். குனிந்து, "சார், தயவுசெஞ்சு எந்திரிச்சிருங்க" என்று கெஞ்சினேன். அவர் நிதானமாக இலையை மடித்தார்.

"எந்திரிக்கேன் தம்பி, ஆனா போன வாரம் சயான்ல உங்க பாயசத்துல முந்திரி ஜாஸ்தி இருந்துச்சு."

குர்லாவில் நெரிசல்

செம்பூர் கல்யாணத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பெண்ணின் அப்பா செல்லையா, சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட ஏகப்பட்ட பேர் வந்து இறங்கினார்கள். கடைசி சிலிண்டரும் தீர்ந்துவிட்டது, இனி உலை வைக்க வழியில்லை. அவர்களில் ஒருவர் பசியோடு போனாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது அந்தப் பெண்.

"சோறு குர்லா, சிக்னல் போடு!" என்று ஆட்களுக்குக் குரல் கொடுத்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா தினமும் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர். காலையில் 'இட்லி குர்லா' என்று நாங்கள் சொன்ன கொஞ்ச நேரத்தில் இட்லி மறைந்ததைக் கவனித்திருக்கிறார். இப்போது எழுந்து நின்று தன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அரே சலோ சலோ, குர்லா வந்தாச்சு, இப்ப ஏறலேன்னா அப்புறம் கிடைக்காது!"

மாட்டுங்கா

கூட்டம் முண்டியடித்து உட்கார்ந்தது. அந்தக் கத்தலில் செல்லையாவுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வெளிறிய முகத்தோடு என்னிடம் வந்து, "இப்ப எந்த ஸ்டேஷன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மாட்டுங்கா, ஐயா."

சட்டையைப் பிடிப்பார் என்று பயந்தேன். அவர் நேராகத் தன் வீட்டாரிடம் போனார். அவர் மனைவி, தங்கைகள், பட்டறை ஆட்கள் எல்லோரும் கை கழுவிக்கொண்டு இடத்துக்காக நின்றிருந்தார்கள். சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தபடியே அவர்களிடம் ஏதோ சொன்னார். ஒருவருக்கு உடனே வயிறு சரியில்லாமல் போனது. தங்கை விரதம் என்றாள். மணப்பெண்ணின் அம்மா ஒதுங்கிப்போய் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் வயிறு நிறையச் சாப்பிட்டுக் குறையில்லாமல் போனார்கள். செல்லையா தன் வீட்டாரிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

"நம்ம ஆளுக யாரும் ஏறாதீய, நாம அடுத்த வண்டியில போய்க்கிடுவோம்."

நாங்கள் கண்டுபிடித்த பாஷையைப் புரிந்துகொண்டு ஒரு வீடு உட்கார்ந்து சாப்பிட்டது, இன்னொரு வீடு பசியோடு சிரித்தது, அதைக் கண்டுபிடித்த மேதாவி நான் வி.டி. வாளியோடு நடுவில் நின்றேன்.