ஐஸ் பெட்டிக்குக் காவலிருந்த ஸ்டாப்பர்

ஜெயப்ரியா பயப்படாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: பந்து. பல்லி, ஊசி, லாரி ஹாரன், தலைமையாசிரியை நடந்து வரும் செருப்புச் சத்தம், யாராவது முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, இவை ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு அடி பின்வாங்குவாள். காரைக்கால்மேட்டில், கடலுக்குப் போகிறவர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இத்தனை பயம் எங்கிருந்து வந்தது என்று தெருவே வியந்தது. அவளும்தான் வியந்தாள்.

2001ஆம் வருஷம் உடற்கல்வி ஆசிரியர் இருபத்திரண்டு பெண்களை மைதானத்தில் இறக்கி, "எங்க நிக்க இஷ்டமோ அங்க நில்லுங்க" என்றார். மற்றவர்கள் பந்தை நோக்கி ஓட, ஜெயப்ரியா கூட்டத்தைவிட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் நின்றாள். அதுதான் எதிரணியைத் தடுத்தாடும் ஸ்டாப்பர் பேக் நிற்கும் இடம் என்று அவளுக்குத் தெரியாது. ஓடி ஒளிந்த இடத்திலேயே வேலை கிடைத்தது அவளுக்குத்தான்.

பயந்த பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. ஆபத்து மற்றவர் கண்ணில் படுமுன் அவள் கண்ணில் பட்டுவிடும். எதிரணி ஃபார்வர்டு எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பதை இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் திரும்பும்போது ஜெயப்ரியா அங்கே நிற்பாள். பார்த்தவர்கள் "என்னா தைரியம்!" என்றார்கள். சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை என்பதால் அவளும் மறுக்கவில்லை.

மைதானத்தில் அவளுக்கு மிகவும் பிடித்தது கோடு. கோலுக்கு முன்னால் போட்ட பதினெட்டு கெஜக் கோட்டுக்கு வெளியே ஒருத்தியைக் கீழே தள்ளினால் ஃப்ரீ கிக். அதே ஆளை, அதே காலால், ஒரு சாண் உள்ளே தள்ளினால் பெனால்டி. குற்றம் ஒன்றுதான், தண்டனை மட்டும் கோட்டைப் பொறுத்தது. காரைக்காலில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது; சுற்றி மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். கோட்டுக்கு இந்தப் பக்கம் கடையில் பில் போட்டு வாங்கும் மது பாட்டில், அந்தப் பக்கம் போனதும் வழக்காகிவிடும்.

அம்மா கனகம் நெரவிக்கும் விழிதியூருக்கும் பஸ்ஸில் மீன் கூடை கொண்டுபோய் விற்பவள். மகள் முதல் போட்டியில் ஜெயித்து வந்த அன்று கேட்டாள்: "ஜெயிச்சா என்னடி குடுத்தாங்க?"

"கப்பும்மா."

கனகம் கோப்பையைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "மூடி இல்ல, அடியும் ஆடுது. கொழம்பு வைக்கவும் ஆவாது."

பள்ளி முடிந்ததும் ஜெயப்ரியா உள்ளூர் மகளிர் கால்பந்துக் கழகத்தில் சேர்ந்தாள். கழகத்தின் மேனேஜர் நீலமேகம். மீன் லோடு அடிக்கும் வேன்கள் வைத்திருந்தார். லோடு இல்லாத நாளில் வேனைக் கழுவி, பெஞ்சு போட்டு, பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போவார். ஜெர்சி அவர் செலவு, நுழைவுக் கட்டணம் அவர் செலவு, மத்தியானம் பிரியாணியும் அவர் செலவு. பெண்கள் விளையாட்டை இப்படித் தாங்குகிற மனிதர் உண்டா என்று ஊரே மெச்சியது. மெச்சல் நியாயம்தான், காரணம் மட்டும் வேறு.

அடிபட்டால் வைக்க என்று ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸ் வேனில் வரும். துறைமுகத்து ஊரில் ஐஸுக்குப் பஞ்சமா? பெட்டி கேப்டன் ஜெயப்ரியாவின் பொறுப்பு. மூடியில் சிவப்புப் பெயிண்டில் "ஜெயப்ரியா, நம்பர் 4" என்று எழுதி வைத்தவரும் நீலமேகம்தான். "பேரு இருந்தா காணாம போவாதுல்ல" என்றார்.

2004இல் திருவாரூரில் ஒரு போட்டி. ஃபார்வர்டு காவ்யாவுக்குக் கணுக்கால் பிசகியது. ஜெயப்ரியா ஓடிப்போய் பெட்டிக்குள் கையை விட்டாள். ஐஸோடு சேர்ந்து ஒரு கண்ணாடிக் கழுத்து கையில் வந்தது. இழுத்தால் முழு பாட்டில், பிராந்தி. கோல்கீப்பர் ஹஃப்ஸா எட்டிப் பார்த்து, "யா அல்லா, இது எத்தனாவது ப்ளேயர்டி?" என்றாள்.

நீலமேகம் பதறாமல் பாட்டிலை வாங்கி மறுபடி ஐஸுக்குள் படுக்க வைத்தார். "மருந்து. வெளிப்பூச்சுக்கு."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. சோதனைச்சாவடியில் வேன் நின்றதும் நீலமேகம் ஏன் வியர்வை ஊறிய ஜெர்சிகளைப் பெட்டிமேல் போடச் சொல்வார் என்பதும் விளங்கியது. ஆம்பிளைப் போலீஸ்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பொண்ணுங்க துணி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு "போங்க, போங்க" என்பார்கள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் காத்திருப்பார்கள்.

இது எதற்கு என்று அவரிடமே கேட்டுப் பார்த்தாள். "நீ பேக்கு. உன் வேலை தடுக்கிறது, கேக்கிறது இல்ல" என்றார் நீலமேகம். வேன் அவருடையது. வேன் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. அதற்குப் பிறகு சோதனைச்சாவடி நெருங்கும்போதெல்லாம் அவள் இரண்டு காலையும் பெட்டி மூடியில் அழுத்தி, தன் பெயரைப் பாதங்களால் மறைத்து உட்கார்ந்தாள். உள்ளங்கால் வழியாகக் குளிர் ஏறி நெஞ்சுவரை வரும். 2005இல் ஆட்டமே நடக்கவில்லை. முந்தைய டிசம்பரில் கடல் பண்ணியதற்குப் பிறகு கரையோரத்தில் யாருக்கும் விளையாட மனமில்லை. அந்த ஒரு வருஷம் பெட்டியை மறந்து தூங்கினாள், அதற்கும் வெட்கப்பட்டாள்.

2007இல் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் மகளிர் அணி, இரண்டு வருஷ ஒப்பந்தம், மாதச் சம்பளம். நாகப்பட்டினத்தில் நடக்கும் அரையிறுதியில் அவள் ஆடுவதைப் பார்க்க அவர்களுடைய பயிற்சியாளரம்மா நேரில் வருகிறார். கடிதத்தின் நாலாவது நிபந்தனையை அவள் எண்ண முடியாத தடவை படித்தாள்: பெயரில் எந்தக் காவல்நிலைய வழக்கும் இருக்கக் கூடாது.

அரையிறுதி நாள் காலை ஒன்பது மணிக்கு வேன் கிளம்பியது. பெட்டியை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் நீலமேகத்தின் மச்சான் வீட்டில் மறுநாள் கல்யாணம்.

"சேதி தெரியுமாடி?" என்றபடி ஏறினாள் ஹஃப்ஸா. "நேத்து எங்க மாமா நாகூர்லேர்ந்து வந்தாக. செக்போஸ்ட்ல லேடி போலீஸ் போட்டிருக்காங்களாம். கல்யாண வேன் ஒண்ணுல பட்டுப்புடவையெல்லாம் உதறிப் பாத்துட்டுத்தான் விட்டாங்களாம்."

ஜெயப்ரியா காலடியில் இருந்த பெட்டி மூடியைப் பார்த்தாள். பெண் போலீசுக்கு ஜெர்சியைத் தொட என்ன கூச்சம்? கை உள்ளே போகும். ஐஸ் விலகும். மூடியைத் திருப்பிப் பெயரைப் படிப்பார்கள், முழுப் பெயரையும் சத்தமாக.

நெரவி தாண்டியது. வயல் ஓடியது. பிறகு எல்லையோரத்துச் சாராயக் கடைகள் வரிசையாக வர ஆரம்பித்தன. மற்ற நாட்களில் அவள் அந்தக் கடைகளை எண்ணுவாள், கடைசிக் கடைக்கு அப்புறம் ஒரு புளியமரம், அதற்கப்புறம் கோடு என்று. இன்றைக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. கடைசிக் கடையா, அதற்கு முந்தியதா? புளியமரம் கண்ணில் பட்டதும் தொண்டை கிழிய ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

வாந்தி என்று நினைத்து டிரைவர் முத்துக்குமரன் ஓரம் கட்டினார். ஜெயப்ரியா பெட்டியை இழுத்துக்கொண்டே இறங்கினாள். புளியமரத்தடிவரை இழுத்துப்போய் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ப்ரியா, என்ன பண்ற?" நீலமேகம் குதித்து வந்தார்.

"பெட்டி வரல சார்."

"அதுக்கென்ன வாயா இருக்கு, வர்றேன் வரலன்னு சொல்ல?"

"அப்ப நானும் வரல."

"மூணு மணிக்கு மேட்ச். மெட்ராஸ்லேர்ந்து அந்தம்மா வந்து ஒக்காந்திருப்பாங்க. யாருக்கு நஷ்டம்?"

அவள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பல் கிடுகிடுத்தது. வேன் ஜன்னலிலிருந்து ஹஃப்ஸா தலையை நீட்டினாள். "சார், நீங்க பெட்டியோட எறங்கிக்கங்க. இந்தப் பக்கம் ஒக்காந்தா ஒரு குத்தமும் இல்ல. வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

"வேன் யாருதுடி?"

"ஒங்களுதுதான் சார்."

"அண்ணே," என்றார் முத்துக்குமரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "வேன் ஒங்களுது. லைசென்ஸ் என்னுது. அந்தப் பொண்ணு நடுங்குறதப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. பெட்டி ஏறுனா நான் எறங்கிக்கிறேன்."

பயம் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளும் நோய். நீலமேகத்துக்கு மட்டும் அது ஒட்டவில்லை; ஆனாலும் இருபத்துநாலு பாட்டிலை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிற மனிதரும் அல்ல அவர். பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"ஐஸையாச்சும் ரெண்டு துண்டுல அள்ளிக்குவோம்டி" என்றாள் ஹஃப்ஸா.

"வேணாம். வாசம் ஒட்டியிருக்கும். ஒண்ணும் வேணாம்."

அன்று அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சோதனைச்சாவடியில் பெண் காவலர் வேனுக்குள்ளேயே ஏறிவிட்டார். ஒவ்வொரு பையையும் கவிழ்த்தார். முட்டிப்பட்டையை மடக்கிப் பார்த்தார், பந்தை அமுக்கிப் பார்த்தார். காயத்துக்குத் தடவும் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"இத்தன பொண்ணுங்க போறீங்க, பெரியவங்க யாரும் வரலியா?"

"மேனேஜர் வந்தாருங்க," என்றாள் ஹஃப்ஸா. "அந்தா, புளியமரத்தடியில ஐஸ் பெட்டிக்குக் காவலா ஒக்காந்திருக்காரு."

ஜெயப்ரியா ஹஃப்ஸாவின் கையைக் கிள்ளினாள். காவலர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். தூரத்தில், பெட்டிமேல் குந்தியிருந்த நீலமேகம், பழக்க தோஷத்தில், வணக்கம் வைத்தார். காவலர் அவரைப் பார்த்தார், நடுவிலிருந்த ரோட்டைப் பார்த்தார். "அது நம்ம லிமிட் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜெயப்ரியா பக்கம் திரும்பினார். "நீ ஏன்மா நடுங்குற? ஒன் பையக் குடு." ஏற்கனவே கவிழ்த்த பையை மறுபடி கவிழ்த்தார். விழுந்தது ஒரு சீப்பும், மடித்து மடித்து நைந்த கடிதமும். கடிதத்தைப் பிரித்து நாலாவது நிபந்தனைவரை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டம் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஐம்பதாவது நிமிஷம் யாரோ ஒருத்தியின் பூட்ஸ் ஜெயப்ரியாவின் வலது கணுக்காலில் இறங்கியது. ஐஸ் இல்லை. தண்ணீரை ஊற்றி, துணியைக் கட்டி நின்றாள். பயிற்சியாளரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், வெளியே போகப் பயம். கடைசி ஐந்து நிமிஷத்தில் எதிரணி ஃபார்வர்டு தனியாகப் பந்தோடு வந்தாள், பின்னால் ஹஃப்ஸாவைத் தவிர யாருமில்லை. ஓடிப் பிடிக்கக் கால் இல்லை. ஜெயப்ரியா ஆளைப் பார்க்கவில்லை, பந்தையும் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தாள். ஒரு சாண் மிச்சமிருக்கையில் உடம்போடு போய் விழுந்தாள். சிவப்புக்குப் பயந்தாள், வந்தது மஞ்சள் அட்டையும் ஃப்ரீ கிக்கும். அடித்த பந்து மைதான வேலிக்கு மேலே போனது.

டைபிரேக்கரில் தோற்றார்கள். பயிற்சியாளரம்மா வந்து கேட்டது ஒரே கேள்வி: "கோட்டுக்கு வெளியிலதான் விழணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க ஊர்ல அப்படித்தாங்க" என்றாள் ஜெயப்ரியா.

வழக்கு எதுவும் இல்லை என்று சான்று வந்தது. சென்னையில் இரண்டு வருஷம் சம்பளத்துக்கு ஆடினாள், முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு மூடி போட்ட ஒரு பாத்திரம் வாங்கி அனுப்பினாள். ஆனால் அந்தக் கணுக்கால் மழைக்கும் வீங்கியது, வெயிலுக்கும் வீங்கியது. அணியின் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அடிபட்ட அன்னிக்கே ஐஸ் வெச்சீங்களா?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். இருபத்துநாலு பாட்டிலுக்கு அன்றைக்கு நல்ல குளிர்ச்சி கிடைத்தது என்று சொல்லவா முடியும்? 2009இல் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

இப்போது நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு உதவியாளர் வேலை. தினமும் காலையில் பஸ். எல்லையோரத்துச் சாராயக் கடைகள் ஆரம்பித்ததும் அவள் பேச்சு நின்றுவிடும். புளியமரத்தடியில் இரண்டு பாதமும் தாமாகவே பஸ் தரையை அழுத்தும், வலது கொஞ்சம் மெதுவாக. சாவடியில் காவலர் ஏறுமுன்பே சோற்று டப்பாவின் மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வராமல் இருக்குமா? பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தாலும் அவள் பைதான் முதலில் கவிழும்.

போன வாரம், அன்று வேனில் ஏறிய அதே பெண் காவலர் பையை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏம்மா, தெனம் வர்ற, தெனம் நடுங்குற, தெனம் ஒண்ணும் இல்ல. ஒரு நாளாச்சும் எதையாவது எடுத்துட்டு வந்து தொலையேன். எனக்கும் ஒரு நிம்மதியா இருக்கும்."

"சரிங்க" என்றாள் ஜெயப்ரியா, நடுங்கிக்கொண்டே.