அணிலின் பரீட்சை வாரம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். தரையிலிருந்து கேபினுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. இருபத்துமூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரே மூச்சில் ஏறிவிடுவார், அதனால் 'அணில்' என்று பெயர் வைத்தார்கள். இப்போது முப்பத்தொன்று. வழியில் இரண்டு இடத்தில் நிற்கிறார். கேட்டால் கடலைப் பார்க்கிறாராம். எட்டு வருஷமாய்ப் பார்க்காத கடலா? ஆனாலும் அணில் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் நூற்று நாற்பதைத் தொட்டால் கேபினை விட்டு இறக்கிவிடுவார்கள். மனுஷன் அந்தக் கேபினுக்காக உயிரையே விடுவார். அத்தனை பெரிய கன்டெய்னர் பெட்டியைக் கப்பலில் சத்தமில்லாமல் இறக்கி வைக்கிற பெருமை கொஞ்சநஞ்சமா? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே சிகரெட்டுக்கு லீவு, உப்புக்கு லீவு, காலையில் நடை, நேரத்தோடு தூக்கம். வீட்டில் இதற்குப் பெயர் 'பரீட்சை வாரம்'. மனைவி உப்பில்லாமல் சமைத்துத் தானும் அதையே சாப்பிடுவாள். ஏழு வயது மகள், அப்பா படிக்கிறாரென்று டிவி சத்தத்தைக் குறைப்பாள். பாஸ் என்று தெரிந்த சாயங்காலமே ஒரு பாக்கெட் சிகரெட்டும் பொரித்த கோழியும் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த வருஷமும் பாஸ்தான். ஆனால் புதிதாய் வந்த டாக்டரம்மா அவருடைய பழைய பரிசோதனைச் சீட்டுகளையெல்லாம் எடுத்து மேஜையில் வரிசையாய்ப் பரப்பினார். முதல் சீட்டில் ரத்த அழுத்தம் 114. கடைசியில் 138. இடுப்பு முப்பதிலிருந்து முப்பத்தேழு அங்குலம். சர்க்கரையும் கூடவே ஏறியிருந்தது.

"தனித்தனியா பாத்தா எதுவும் தப்பில்லைங்க. வரிசையா வெச்சாதான் தெரியுது. ஒரு வருஷம்கூட இறங்கல."

"வயசாகுதில்ல டாக்டர்."

"முப்பத்தொண்ணெல்லாம் ஒரு வயசா? சிகரெட் இல்ல, உப்பு கம்மி, தினம் நடக்கறேன்னு எழுதியிருக்கீங்க. இவ்வளவு ஒழுங்கா இருந்தும் ஏறுதுன்னா, உங்களுக்கு நான் இன்னும் என்னத்தைச் சொல்றது?"

அவருக்குத் திக்கென்றது. டாக்டரைத்தான் ஏமாற்றுகிறோம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்? அந்தச் சீட்டுகளில் இருந்தது வருஷத்தின் நல்ல ஏழு நாள். மிச்சம் முன்னூற்று ஐம்பத்தெட்டு நாள் எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, அவருக்கும்கூட.

அன்று கோழி தொண்டையில் இறங்கவில்லை. சிகரெட் மட்டும் இறங்கியது, பாழாய்ப்போன பழக்கம். மூன்று வாரம் மென்று முழுங்கிவிட்டு மனைவியிடம் சொன்னார்.

"உண்மையைச் சொன்னா கீழ இறக்கிடுவாங்க."

"சொல்லலேன்னா?" என்றாள். "நானும்தானே உப்பு போடாம கூட்டு சேந்தேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க."

மறுநாள் அவரைப் பார்த்ததும் டாக்டரம்மா, "அடுத்த வருஷம்தானே வரணும்?" என்றார்.

"இன்னிக்கு படிக்காம வந்திருக்கேன் டாக்டர். இப்ப பாருங்க."

எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா அழுத்தம் பார்த்தார், நூற்று ஐம்பத்தாறு. உட்காரவைத்து மறுபடி பார்த்தார், நூற்று ஐம்பத்துநாலு. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"கேபின்ல உங்களுக்கு நெஞ்சு அடைச்சா, அந்தப் பெட்டி யார் தலையில இறங்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அழுத்தம் குறைந்து, குறைந்தது அப்படியே நிற்கிற வரைக்கும் கிரேன் கிடையாது என்று எழுதினார். இப்போது அவர் வாசலில் லாரி நம்பர் குறிக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் கேபினில் வேறு ஆள். வயிறு எரியத்தான் செய்கிறது.

ஒரு மாசம் போயிற்று. சாப்பாட்டில் உப்பு ஏறவில்லை, காலை நடை நிற்கவில்லை. மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்பா, இன்னுமா பரீட்சை முடியல?"

"முடியலடா கண்ணு."

"எப்பதான் முடியும்?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ பெரியவளாகி, உன் பொண்ணு வந்து, தாத்தா படிக்கிறாருன்னு டிவி சத்தத்தைக் குறைக்கணும். அதுவரைக்கும் பரீட்சை நடக்கணும்."

மகள் எழுந்துபோய் டிவியை அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.