கூட்டலில் சேராத இரண்டு

எல்லாக் கணக்குக்கும் முதலில் வந்து நிற்கும். எந்தக் கூட்டலிலும் சேராது. அது என்ன?

யோசித்துக்கொண்டே படியுங்கள். கணக்குப் பதிவுப் பரீட்சைக்குப் படித்து அவதிப்பட்டவர்களுக்கும், என்னைப் போல் படிக்கவைத்து அவதிப்பட்டவர்களுக்கும் விடை சட்டென்று வந்துவிடும். மற்றவர்களுக்கு நடுவில் நானே சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு வியாபாரியின் கடை மாடியில் நான் அந்தப் பரீட்சைக்கு வகுப்பு நடத்தினேன். பற்று இடப்பக்கம், வரவு வலப்பக்கம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போகிற தொழில். நம்மூர் நாட்டுக் கணக்கில் வரவுதான் இடப்பக்கம். அதனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதல் மாதம் பழசை மறப்பதிலேயே போய்விடும். சேர வருகிறவர்களிடம், "இந்தப் பரீட்சை உங்களுக்கு எதற்கு?" என்று கேட்பது என் வழக்கம். விண்ணப்பத்தில் இல்லாத கேள்விதான். ஆனாலும் பதில் இல்லாமல் யாரும் நின்றதில்லை.

கண்ணாடிச் சட்டம்

ராமராஜு வசதியான வீட்டுப் பிள்ளை. மணக்கப்போகிற பெண்ணின் அண்ணன் பி.ஏ. படித்தவர் என்பதால், மாப்பிள்ளைக்கும் சுவரில் மாட்ட ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று அவருடைய அப்பா முடிவு செய்துவிட்டார். பி.ஏ.க்கு நாளாகும், இது சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வகுப்பில் அவர் கொட்டாவியை மறைக்கக்கூட முயன்றதில்லை. ஐந்தொகை என்கிற பாலன்ஸ் ஷீட் பாடம் நடந்த அன்று, கொஞ்சம் அக்கறை காட்டக்கூடாதா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார்: "தேக்குல கண்ணாடி போட்டுச் சட்டம் செஞ்சு வீட்ல மாட்டியாச்சு சார். உள்ள வைக்கத்தான் ஒண்ணு வேணும்."

ஆமென்

ரூத்தம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரயிலில் வருவார். பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண் என்பதால் தம்பியைத் துணைக்குக் கூட்டிவருவார். தம்பி வாசல்பக்கம் உட்கார்ந்து தூங்கிவிடுவான்.

அவர்கள் சபையில் வருஷக் கணக்கை ஒரு பெரியவர் வாசிப்பாராம். வேதம் வாசிப்பதைவிட வேகமாக வாசித்து, மூச்சு விடாமல் ஜெபத்தில் கொண்டுபோய் முடிப்பாராம். இவர் எழுந்து சந்தேகம் கேட்ட ஒரே வருஷம், "உனக்கு விளங்காது, உக்காரு" என்று சொல்லிவிட்டார்களாம். அதற்காகவா இவ்வளவு தூரம் ரயிலேறி வருகிறீர்கள் என்றேன். "அவிய மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல சார். ஆமென் சொல்லுததுக்கு முன்னால ஒருவாட்டி நானும் கூட்டிப் பாக்கணும், அம்புட்டுத்தான்."

வடக்கேயிருந்து வந்தவர்

மூன்றாமவர் வேலாயுதம். பருத்தியில் கொட்டை நீக்கிப் பஞ்சு எடுக்கிற ஒரு ஜின்னிங் பாக்டரியில் கணக்கர். வயது நாற்பதுக்கு மேல். தரையில் பாய், முன்னால் சாய்வுப் பெட்டி, அதன்மேல் பேரேடு என்று இருபது வயதிலிருந்து உட்கார்ந்தவர். பாக்டரி கம்பெனியாக மாறப்போகிறது என்றதும் முதலாளி வடக்கேயிருந்து ஒரு ஆடிட்டரை வரவழைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்களைப் படிப்பார். பக்கம் பக்கமாகப் புரட்டியவர் முகம் சுருங்கியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஓர் இரண்டு இருக்கிறது, கீழே கூட்டலில் அது வரவே இல்லை, எங்கே போயிற்று என்று மேனேஜர் மூலம் கேட்டார். அவர் ஊர் எழுத்தில் இரண்டு என்பது அச்சாக நம் பிள்ளையார் சுழி மாதிரியே இருக்குமாம்.

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதா? வேலாயுதம் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்ன பதிலை மேனேஜரால் மொழிபெயர்க்க முடியவில்லை: "அது கூட்டுததுக்கு இல்லங்க. கும்பிடுததுக்கு."

பஞ்சில்லாத சட்டை

ஆடிட்டர் ஊருக்குப் போகுமுன், பரீட்சை தேறிய ஆள்தான் கம்பெனிக் கணக்கை எழுத வேண்டும் என்று சொல்லிப் போனார். முதலாளி நல்லவர். வெளியாளை உடனே கொண்டுவராமல் அடுத்த பரீட்சை வரை தவணை கொடுத்தார். தேறினால் வேலாயுதத்துக்கு மேஜை, நாற்காலி. தேறாவிட்டால் கிட்டங்கியில், அதாவது பஞ்சுக் கிடங்கில், நிறுக்கிற வேலை. சம்பளத்தில் குறைவில்லை. பிறகு எதற்காக இப்படி விழுந்து விழுந்து படிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

அவருக்குச் செல்லம் என்று ஒரே மகள். இளைப்புக்காரப் பிள்ளை. வெள்ளாமை வந்து குவிகிற காலத்தில் ஆள் போதாமல் இவரையும் கிட்டங்கிக்கு அனுப்புவார்கள். அந்த நாட்களில் இவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற பஞ்சுத் தூசியே போதும், பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும். குளித்து, வேட்டி மாற்றி, தலையைத் துவட்டிவிட்டு வந்தாலும் விடாது. அந்தக் காலம் முடியும்வரை மகளைத் தூக்காமலே இருந்திருக்கிறார். "நாக்காலி கெடக்குது சார். பஞ்சில்லாத சட்டையோட வீட்டுக்குப் போகணும், அதுக்குத்தான்."

இரண்டாங் கேள்வி

பரீட்சை நெருங்கியபோது விதிகளை வாசித்துக் காட்டினேன். கேள்விக்குச் சம்பந்தமில்லாத எந்தக் குறியும் விடைத்தாளில் இருக்கக் கூடாது. இருந்தால் தாள் செல்லாது. வேலாயுதம் சுழி போடாமல் ஒரு மாதிரிப் பரீட்சை எழுதினார். வெகுநேரம் பேனா காகிதத்தைத் தொடவே இல்லை. தொட்ட பிறகு பற்றெல்லாம் வரவாயிற்று. முதல் மாதத்தில் மறந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. தாளைத் திருத்தி முடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரூத்தம்மாள்தான் பேச்சுக் கொடுத்தார். தமக்கும் தாள் தலையில் சிலுவை போடாமல் கை ஓடாது என்றும், கூட்டல் குறி மாதிரிச் சின்னதாக ஓரத்தில் போட்டுக்கொள்வதாகவும், கணக்குப் பரீட்சையில் கூட்டல் குறியை யார் சந்தேகப்படப்போகிறார்கள் என்றும் சொன்னார். உங்களுக்குக் கூட்டல் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று வேலாயுதம் கேட்டார். எந்தக் கேள்வியையும் முதலில் எழுதலாம் என்றுதானே விதி சொல்கிறது என்று ரூத்தம்மாள் என்னிடம் ஊர்ஜிதப்படுத்திக்கொண்டார். பிறகு வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ரெண்டாங் கேள்விய மொதல்ல எழுதுங்க. நம்பரைப் போட்டு வாலைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. பாக்குதவருக்கு அது ரெண்டு. உங்களுக்கு அது புள்ளையார்."

வாசலில் நின்றவன்

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். முதலில் ராமராஜு வெளியே வந்தார், வெகு சீக்கிரம். அவரிடம் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டாங் கேள்வி பிழை திருத்தம். இடம் வலம் மாற்றி எழுதிய கணக்கைச் சரிசெய்ய வேண்டும். வேலாயுதத்துக்கு ஆகவே ஆகாத பாடம். அதைத்தான் அவர் முதலில் எடுத்திருப்பார். அதிலேயே சிக்கிக்கொண்டால் மீதிக்கு நேரம் இருக்காது.

மணி அடித்த பிறகுதான் அவர் வந்தார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாமே என்றேன். அவர் வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை. "இருபது வருசமா நான் செஞ்ச தப்பத்தான் சார் கேட்டிருந்தான். தப்பு எனக்குத் தெரியும்லா? பொறவு, புள்ளையாரப் போட்டுட்டு எந்திரிச்சு ஓட முடியுமா?"

ஆயுத பூஜை

வேலாயுதம் தேறினார். ரூத்தம்மாள் அவரைவிட நல்ல மார்க்கில் தேறினார். அந்த வருஷம் சபையில் கணக்கு நிறுத்தி நிதானமாக வாசிக்கப்பட்டதாகக் கேள்வி. ராமராஜுவின் தேக்குச் சட்டத்தில் கல்யாணப் போட்டோ கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஆயுத பூஜைக்கு வேலாயுதம் என்னை பாக்டரிக்கு அழைத்தார். மிஷின்களை நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். காற்றில் ஒரு தும்பு பஞ்சு இல்லை. செல்லத்தை அங்கே அழைத்துவர முடிந்த நாள் அது ஒன்றுதான். புது நாற்காலியையும், இன்னும் எடுக்காமல் போட்டிருந்த பழைய பாயையும் வேலாயுதம் கையால் தடவித் தூசி பார்த்தார். அப்புறம் தூக்கிவந்த மகளைக் கீழே இறக்கிவிட்டு, "எதுல உக்காருதே, தாயி?" என்று கேட்டார்.

கிட்டங்கிப் பக்கம் போகாமலிருக்க ஒரு மனிதர் நாற்பது வயதுக்குமேல் பிழை திருத்தம் படித்துத் தேறிய கதை இப்படி முடிந்தது: செல்லம் இரண்டையும் பார்த்துவிட்டு வெளியே போய், கிட்டங்கி வாசலில் கழுவித் தொங்கவிட்டிருந்த பஞ்சுத் தராசின் தட்டில் உட்கார்ந்தாள்.